கட்டிலை விட்டு இறக்கும் கல்வி

படுத்த படுக்கையான முதியவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு தலைமுறைக்கு முன் நர்சிங் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் வருகிற பதில் ‘பேக் கேர்’. வெந்நீரில் முதுகைத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, வட்டவட்டமாகத் தேய்த்துவிட வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. இடுப்புக்கு அடியில் காற்றடைத்த ரப்பர் வளையம், குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை. எல்லாம் முடிந்ததும் தலைமைச் செவிலியர் வந்து பார்ப்பார். வார்டு கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும். முதியவர் கட்டிலிலேயே இருப்பார்.

அந்தப் பாடத்தில் அக்கறைக்குக் குறைவில்லை. முதியவரைக் கட்டிலில் நல்லபடியாக வைத்திருக்க அது கற்றுக்கொடுத்தது. அவரைக் கட்டிலிலிருந்து இறக்குவது எப்படி என்ற பக்கம் மட்டும் அதில் இல்லை. நலிந்த முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான பயிற்சியில் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துவரும் மாற்றத்தின் பெரும்பகுதி, விடுபட்டுப்போன அந்தப் பக்கத்தை எழுதிச் சேர்த்த கதைதான்.

அதை எழுதத் தொடங்கிய இடம் லண்டனின் மேற்கு ஓரம். 1935இல் ஐசல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மொத்தம் 714 பேர். பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு இறுகியவர்கள், மறதி நோய் கண்டவர்கள், நோயே இல்லாமல் போக்கிடம் மட்டும் இல்லாதவர்கள் என்று எல்லோரையும் ‘தீராத நோயாளிகள்’ என்ற ஒரே தலைப்பில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் தரையில் கால் ஊன்றாதவர்கள் அவர்களில் பலர். இவர்களைப் பார்க்கும் வேலை மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்தது. அறுவைச் சிகிச்சையில் நாட்டம் கொண்டிருந்தவர். முதியோரைத் தேடிப் போனவர் அல்ல. அவர் செய்த முதல் காரியம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தது. இவருக்கு என்ன நோய், இதில் எது மீளும், எது மீளாது, இவர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் என்ன வேண்டும் என்று ஆளுக்கு ஆள் எழுதினார். வகை பிரித்தார். இருண்டு கிடந்த வார்டுகளில் வெளிச்சம் கூட்டினார், சுவருக்குப் புது வண்ணம் அடிக்கச் சொன்னார். செவிலியர், உடற்பயிற்சி தருபவர், சமூகப் பணியாளர் என்று எல்லோரையும் ஒரே நோயாளியைச் சுற்றி உட்கார வைத்தார். பலர் எழுந்தார்கள், நடந்தார்கள். கணிசமானவர்கள் வீடு திரும்பினார்கள். புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. 1940களில் அவர் எழுதிய கட்டுரைகள் வலியுறுத்தியது இதுதான்: முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேண்டும், மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் அந்த வார்டுகளிலேயே பயிற்சி பெற வேண்டும்.

1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு லண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளை ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்’ உறுப்பு உறுப்பாக அடுக்கினார். நுரையீரலில் சளி தேங்கும், கால் நாளத்தில் ரத்தம் உறையும், தோல் புண்ணாகும், தசை கரையும், எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கும், சிறுநீர்ப் பாதையில் கல் சேரும், மலம் கட்டும், மனம் சோரும். ஓய்வுதான் மருந்து என்று நம்பிய காலத்தில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அறுபது ஆண்டுகள் கழித்து அதை அளந்து காட்ட வேண்டியிருந்தது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதான, நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தாவது நாள் முடிவில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நிமோனியாவோடு வந்து படுக்கும் எண்பது வயதுக்காரரிடமிருந்து எவ்வளவு போகும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஸ்பிரிட்டுக்கும் பவுடருக்கும் வந்த சவால் ஒரு செவிலியரிடமிருந்து. டோரீன் நார்ட்டன் தம் சகாக்களோடு 1962இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கைப் புண்ணுக்குக் காரணம் அழுத்தம் என்று வாதாடினார். மேலே எதைப் பூசித் தேய்த்தாலும் அடியில் அழுத்தம் குறையாவிட்டால் புண் வரும். அவர் தந்த அளவுகோல் மிக எளிது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் புரளும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்து 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. நேரம் குறித்துத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு செவிலியர் தன் அனுபவத்தை எண்ணாக மாற்றி, நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் பயன்படுத்தும்படி கொடுத்துவிட்டார். நம் நர்சிங் பள்ளிகளில் ஸ்பிரிட் புட்டி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தட்டில் இருந்தது வேறு விஷயம். பாடப்புத்தகம் ஆராய்ச்சியைவிட மெதுவாக நடக்கும்.

சென்னைக்கு இந்தக் கல்வி வந்த வழி நேரானது. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய வ.செ. நடராசனின் முயற்சியால் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டப்படிப்பு வந்தது. அதிலும் சென்னைக்கே முதலிடம். அவருக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருத்துவருக்குப் பட்டம் வந்துவிட்டது. வார்டில் இருந்த மற்றவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டால் நெடுநாள் பதில் இல்லை. பொது மருத்துவ வார்டில் முப்பது வயதுக் காய்ச்சல்காரரும் எண்பது வயதுக் காய்ச்சல்காரரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள், ஒரே விதமாகப் பார்க்கப்பட்டார்கள். கிழவர் ராத்திரியில் குழம்பிப்போய்க் கத்தினால் ‘வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்’ என்றார்கள். ஊசிக் குழாயைப் பிடுங்கினால் கட்டுத்துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அடிக்கடி சிறுநீர் போனால் குழாய் போட்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தால் ‘விழுந்துடுவீங்க, படுங்க’ என்று அதட்டினார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. இரவு டூட்டியில் ஒரே ஆளாக நாற்பது பேரைப் பார்க்கிற ஸ்டாஃப் நர்சுக்குக் கட்டிய கையும் மாட்டிய குழாயும் பெரிய உதவி. ஆயாவுக்கும் வார்டு பாய்க்கும் பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. முன்னே இருந்தவர் செய்ததைப் பார்த்துப் பின்னே வந்தவர் செய்தார். தப்பும் அப்படியே கைமாறியது.

இன்றைய வகுப்பறையில் இந்தக் காட்சியைத்தான் முதலில் உடைக்கிறார்கள்.

உடைப்பதற்குப் பேர்போன கருவி ‘முதுமை உடை’. 1990களில் ஃபோர்டு கார் நிறுவனம் லஃப்பரோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து தன் இளம் பொறியாளர்களுக்காக ஓர் உடை செய்தது. மூட்டுகளை மடக்க விடாது, மஞ்சள் பாரித்த கண்ணாடி பார்வையைக் கெடுக்கும், கையுறை விரல் உணர்ச்சியைக் குறைக்கும். முதியவர் காரில் ஏறி இறங்கப் படும் பாடு பொறியாளருக்குத் தெரியட்டும் என்பது நோக்கம். எம்.ஐ.டி.யின் ஏஜ்லேப் ‘ஆக்னஸ்’ என்ற பெயரில் இன்னொன்றை உருவாக்கியது. இத்தகைய உடைகள் மருத்துவ, நர்சிங் வகுப்புகளுக்கும் பரவின. அவ்வளவு செலவு செய்ய முடியாத இடங்களில் மலிவான வழி இருக்கிறது. மூக்குக் கண்ணாடியில் வாசலின் பூசு, காதில் பஞ்சு வை, செருப்புக்குள் நாலு கொண்டைக்கடலை போடு, விரல்களை இரண்டிரண்டாகப் பிளாஸ்திரியால் ஒட்டு. இப்போது மாத்திரை அட்டையைக் கொடுத்து, ‘சின்ன வெள்ளை மாத்திரையைப் பிரித்து எடுங்கள்’ என்று சொன்னால் போதும். இருபத்திரண்டு வயது செவிலியருக்கு வியர்த்துவிடும்.

எனக்கு இந்த உடை வித்தையில் ஓர் எல்லைக்கு மேல் நம்பிக்கை இல்லை. இருபது நிமிடத்தில் கழற்றிவிடக்கூடிய முதுமை, கழற்ற முடியாத முதுமையைப் பற்றி எவ்வளவு சொல்லிவிடும்? முதுமை என்றால் பயங்கரம் என்ற எண்ணத்தோடும் சிலர் வெளியே வரக்கூடும். இதைவிட எளிய பயிற்சி ஒன்று ஆழமாகப் பாய்கிறது: பயிற்சிக்கு வந்தவர்களே ஒருவருக்கொருவர் ஊட்டிவிட வேண்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டே ஊட்டுவார், பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே ஊட்டுவார், வாயிலிருப்பது இறங்குமுன் அடுத்த கரண்டியை நீட்டுவார். உண்பவர் சாய்ந்து படுத்தபடி, பேசக் கூடாது. இட்லியும் சாம்பாரும்தான். ஆனாலும் மூன்றாவது கரண்டியில் புரை ஏறும், முகம் சிவக்கும், கோபம் வரும். பிறகு மாற்றிச் செய்வார்கள்: எதிரே உட்கார்ந்து, கண் மட்டத்தில், தலையை நிமிர்த்தி வைத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து. வயது நம்மை என்ன செய்யும் என்று உடை காட்டுகிறது. வயதானவரை நாம் என்ன செய்கிறோம் என்று கரண்டி காட்டுகிறது. இரண்டாவதைத்தான் நாளைக் காலை டூட்டியில் மாற்றிக்கொள்ள முடியும்.

நோயின் பெயரைத் தாண்டி ஆளைப் பார்க்கக் கற்பிப்பது அடுத்த பெரிய மாற்றம். 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஃப்ரைடும் சகாக்களும் உடல் நலிவுக்கு ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள்: தானாக எடை குறைவது, தீராத களைப்பு, பிடியில் வலுவின்மை, நடையில் மந்தம், நடமாட்டக் குறைவு. மூன்று இருந்தால் நலிந்தவர். 2005இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் கென்னத் ராக்வுட் குழு இன்னும் நடைமுறைக்கு ஒத்த ஒன்றைக் கொடுத்தது. திடகாத்திரமாக இருப்பவர் முதல் முழுக்கப் பிறரைச் சார்ந்தவர்வரை படிப்படியாக வரிசைப்படுத்திய அளவுகோல் அது. முதலில் ஏழு படிகள், பிறகு ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் சின்னப் படமும் இரண்டு வரி விளக்கமும். ரத்தப் பரிசோதனை கிடையாது, கருவி கிடையாது. சரியாகக் கேட்டால் போதும்.

அந்தச் சரியான கேள்வியில்தான் பயிற்சியின் சூட்சுமம். ‘இப்போது எப்படி இருக்கிறார்’ என்பது கேள்வியாகாது. நோயோடு வந்தவர் மோசமாகத்தான் இருப்பார். ‘இரண்டு வாரத்துக்கு முன்னால் எப்படி இருந்தார்?’ என்று கேட்க வேண்டும். கடைக்குப் போய் வந்தாரா? தானே குளித்தாரா? பென்ஷன் கணக்கைப் பார்த்தாரா? இரண்டு வாரம் முன்பு கோயிலுக்கு நடந்து போனவர் இன்று நினைவு தடுமாறிக் கிடக்கிறார் என்றால் அது முதுமை ஆகாது. ஏதோ ஒரு நோய் அவரை வீழ்த்தியிருக்கிறது, தேடினால் கிடைக்கும். இந்த ஒரு கேள்வியை வார்டில் எல்லோரும் கேட்கப் பழகினால் ‘வயசாயிடுச்சுல்ல’ என்ற பதிலுக்கு வேலை குறையும்.

திடீர்க் குழப்பத்தைக் கையாள்வதில் வந்திருக்கும் மாற்றம் இன்னும் கூர்மையானது. அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் ஷாரன் இனூயே நடத்திய திட்டத்தின் முடிவு 1999இல் வெளியானது. எழுபது வயதைக் கடந்த 852 நோயாளிகள். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குக் குழப்பம் வந்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 9.9 சதவீதம். மருந்து கொடுத்துக் குறைத்ததில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்கள், காது மெஷினை மாட்டிவிட்டார்கள், இன்று என்ன கிழமை என்று பேச்சுக் கொடுத்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், தினமும் நடக்க வைத்தார்கள். இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடாகக் குடிக்க ஏதாவது, மெல்லிய இசை, கொஞ்சம் முதுகு தடவிவிடுவது. ஆமாம், அதே முதுகுதான். புண்ணைத் தடுக்க முடியாத அந்தக் கை, தூக்கம் வரவழைக்கும் வேலைக்குப் பொருத்தமாக இருந்திருக்கிறது.

இந்த வேலைகளைச் செய்யத் தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். இதைப் படிக்கும்போது நம் அரசு மருத்துவமனைகள் நினைவுக்கு வராமல் இருக்காது. இங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் அட்டெண்டர் உண்டு. மகளோ மருமகளோ பேரனோ, பாஸ் வாங்கிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார். அமெரிக்காவில் ஆள் தேடிச் செய்ததைச் செய்ய நம்மிடம் ஆள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ‘ரவுண்ட்ஸ் வர்றாங்க, வெளியே போங்க’ என்பதைத் தாண்டி அவரோடு வார்டு பேசுவதில்லை. அத்தை எழுந்திருக்கட்டுமா, படுத்தே இருக்கட்டுமா என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் படுக்க வைத்துவிடுகிறார்.

பேச்சையும் பயிற்சிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சஸில் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் என்ற செவிலியப் பேராசிரியர், முதியோர் இல்லப் பணியாளர்கள் மறதி நோயாளிகளைக் குளிப்பாட்டும்போது, உடுத்திவிடும்போது பேசுவதைப் பதிவு செய்தார். குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சிப் பேசினால் முதியவர் முரண்டு பிடிப்பது கூடுகிறது என்று அவருடைய ஆய்வு காட்டியது. பிறகு ஒரு மணி நேர வகுப்புகள் மூன்று. பதிவுகளைப் போட்டுக் காட்டி, எங்கே பேச்சு வழுக்கியது என்று பணியாளர்களையே கண்டுபிடிக்க வைத்தார். பேச்சு மாறியது, முரண்டும் குறைந்தது. நம் வார்டுகளில் ‘பாட்டி, ஆ காட்டு’ என்பது பாசமா அதட்டலா என்பது அதைக் கேட்கிற பாட்டிக்குத்தான் தெரியும். முப்பது ஆண்டுகள் தலைமை ஆசிரியையாக இருந்தவராக அவர் இருக்கலாம்.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் புழங்கும் ஒரு சிறு அட்டையையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். பன்னிரண்டு வரிகள். வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசுகிறாரா, குறைவாகச் சாப்பிட்டாரா, குறைவாகக் குடித்தாரா, நடக்கக் கூடுதல் உதவி கேட்கிறாரா, தோல் நிறம் மாறியிருக்கிறதா, ஏதோ ‘அவர் மாதிரி இல்லை’யா? குளிப்பாட்டும், உடுத்திவிடும் கடைநிலைப் பணியாளர் அதில் ஒரு வரியில் வட்டம் போட்டுச் செவிலியரிடம் கொடுத்துவிட வேண்டும். செவிலியர் பார்த்ததற்குக் கையெழுத்து. முதியவருக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். முதல் அறிகுறி பாதித் தோசையைத் தட்டில் விட்டதாக இருக்கும். அதைப் பார்ப்பவர் மருத்துவர் அல்ல, தட்டை எடுப்பவர். ‘ஏதோ சரியில்ல சிஸ்டர்’ என்று ஆயா சொல்வது காற்றில் போகாமல் காகிதத்தில் ஏறுகிறது. படிநிலை கெட்டிப்பட்ட நம் மருத்துவமனைகளில் வட்டம் போடக் கற்பதைவிட, கையெழுத்துப் போடக் கற்பதுதான் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தொலைவில் இருப்பவருக்குப் பயிற்சி போய்ச் சேரும் விதமும் மாறிவிட்டது. நியூ மெக்சிகோவில் 2003இல் சஞ்சீவ் அரோரா கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய ‘எக்கோ’ முறை இன்று முதியோர், வலி தணிப்பு, மறதி நோய் என்று பரவியிருக்கிறது. சிறு ஊர்ப் பணியாளர் தன் நோயாளியின் சிக்கலைக் காணொளியில் முன்வைப்பார்; நிபுணரோடு மற்ற ஊர்ப் பணியாளர்களும் சேர்ந்து யோசிப்பார்கள். திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா இதை நம் பக்கத்தில் நடத்துகிறது. நகரத்துக்கு வரவழைத்து இரண்டு நாள் விரிவுரை, மூன்றாம் நாள் சான்றிதழ், நான்காம் நாள் பழைய வழக்கம் என்ற பயிலரங்குச் சடங்குக்கு இது எவ்வளவோ மேல்.

இனி இங்கே என்ன நிலை என்று பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதத்தை எட்டலாம் என்பது கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளோடு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோருக்காகக் கட்டிய அந்தக் கட்டடம் முதலில் திறந்தது 2020 ஜூலையில், கொரோனா மருத்துவமனையாக. கோவிட் காலம் ஒரு பாடத்தை விட்டுப் போனது: உடல் தேறிய முதியவர்கள்கூடப் படுக்கையில் கிடந்த வாரங்களால் கால் வலுவிழந்து, நடக்க மறந்து வீடு திரும்பினார்கள்.

வீடுகளுக்குப் போகும் வழியில்தான் தமிழ்நாடு பெரிய அடியை எடுத்து வைத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவந்தது. ஊர்ப் பெண் தன்னார்வலரோடு பிசியோதெரபிஸ்டும் வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். வார்டில் பார்த்த முதியவர் வேறு, வீட்டில் பார்க்கும் முதியவர் வேறு. வாசற்படி எவ்வளவு உயரம், கழிப்பறை எத்தனை தப்படி, இரவில் விளக்கு எரிகிறதா, நாலு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் மஞ்சள் பையில் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்பதெல்லாம் வீட்டில்தான் தெரியும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லும் சோதனை 1991இலிருந்து உலகெங்கும் புழங்குகிறது. பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்பது ஒரு கணக்கு. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையிலிருந்து எழும் நம் கிழவிகளுக்கு அந்தச் சோதனையோடு தரையிலிருந்து எழுவதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். அதற்கான பயிற்சிக் குறிப்பை வெளிநாட்டிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

அதிகம் படிக்காதவருக்கும் இதைக் கற்பிக்க முடியும் என்பதற்கு இந்தியச் சான்று இருக்கிறது. கோவாவில் மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களில் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். நோயை விளக்குவது, குளிக்க மறுத்தால் என்ன செய்வது, இரவில் அலைந்தால் என்ன செய்வது, பார்த்துக்கொள்பவர் எப்போது ஓய்வெடுப்பது என்று அவர்கள் பேசினார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனச்சுமை குறைந்தது.

அப்படியிருக்க, நம் பயிற்சிகளின் அடுக்கு தலைகீழாகத்தான் நிற்கிறது. எம்.டி. படிப்புக்கு மூன்றாண்டு; அந்த மருத்துவர் ஒரு முதியவரோடு இருப்பது ரவுண்ட்ஸில் சில நிமிடம். செவிலியருக்குப் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. நாள் முழுதும் கூட இருப்பவருக்கு மிகக் குறைவு. சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊரிலும் ஏஜென்சிகள் வீட்டுக்கு ஆள் அனுப்புகின்றன. பன்னிரண்டு மணி நேர டூட்டி, இருபத்துநாலு மணி நேர டூட்டி. வருகிறவர் சில நேரம் கைதேர்ந்தவர், சில நேரம் போன வாரம்வரை பின்னலாடை ஆலையில் இருந்தவர். இருவருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்று என்றால் கற்றுக்கொள்ள யாருக்குத் தோன்றும்? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரிந்தவருக்கு, விழுங்கும் சிக்கலைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு, மாதச் சம்பளத்தில் கூடுதலாக ஏதாவது கிடைத்தால்தான் பயிற்சி மையத்தின் வாசலில் ஆள் நிற்பார்கள். குடும்பங்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இன்றைக்கு ஏஜென்சிக்குப் போன் செய்கிறவர்கள் முதலில் விசாரிப்பது, வருகிற அம்மா அப்படியே கொஞ்சம் சமையலும் பார்த்துக்கொள்வார்களா என்பதைத்தான்.